பத்தாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு மணிகளில் ஒரு மாமனார்

என் மாமனார் ஞானையா சாருக்கு என்னைப் பிடிக்காமல் போனதை நான் ஒருநாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. பாளையங்கோட்டையில் முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கிறிஸ்தவ சபையில் பாதிப் பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பிரம்பால் ஏற்றியவர். அப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகள் இன்பமணி, சங்கிலிபூதத்தான் என்று பெயருள்ள ஒருத்தனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டால் மனுஷன் என்னதான் செய்வார்? அது எங்கள் குலசாமியின் பெயர். வைத்தது என் அப்பா, பதில் சொல்ல வேண்டியவன் நான். போதாததற்கு எனக்கு வேலை பொதுப்பணித் துறையில் டிரேசர். அதாவது, இன்னொருத்தர் வரைந்த அணைக்கட்டுப் படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, அதே கோட்டை மறுபடி இழுக்கிறவன். சொந்தமாக ஒரு கோடு போடத் தெரியாதவனை நம்பியா போனாள் என்று சார் கேட்டதாகக் காதில் விழுந்தது.

அவர் என்னோடு பேசாதது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. மகளோடு பேசாததுதான் கஷ்டம். மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்து நலம் விசாரிக்கிறவர், இன்பமணி நிற்கிற இடம் வந்ததும் விளக்குக் கம்பத்தைக் கடப்பதுபோல் கடந்து போவார். அவளும் வாரம் தவறாமல் அதே இடத்தில் போய் நிற்பாள். வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்தபடி, "அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் தேவல போலுக்கு" என்பாள். அவ்வளவுதான். நானும் என் வழக்கமான கோமாளித்தனம் எதையாவது செய்து சிரிக்க வைக்கப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அது பலித்ததில்லை.

தொண்ணூற்று நான்காம் வருஷம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சேதி வந்தது. சார் வீட்டைக் காலி செய்துவிட்டு, வடக்கே பிலாயில் இருக்கிற மூத்த மகனோடு போய்த் தங்கப் போகிறார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சபையில் வழியனுப்புக் கூட்டம். மறுநாள் சாயங்காலம் நெல்லை எக்ஸ்பிரஸ். அவர் வாயிலிருந்து மகளுக்கு ஒரு வார்த்தை வர வேண்டுமானால் எட்டு நாள்தான் பாக்கி.

அந்தச் சனிக்கிழமையே ஜாபேஸ் அண்ணாச்சி இன்பமணியைத் தேடிப் போயிருக்கிறார். அவர் சபைக் கமிட்டியில் முக்கியஸ்தர், சமாதானபுரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர். சாருக்குக் கொடுக்கிற பரிசு அவர் பொறுப்பு. இன்பமணி, காது கேளாத பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு விடுதியில் கைவேலை டீச்சர். அங்கே சுவரில் தொங்கிய மயிலைப் பார்த்து அண்ணாச்சி மலைத்து நின்றுவிட்டாராம்.

அந்த மயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் ஏதோ ஒரு சபையிலிருந்து விடுதிக்கு வருஷம் ஒரு பார்சல் வரும். பழைய கிறிஸ்துமஸ் கார்டு, கம்பளிச் சட்டை இப்படி. பாளையங்கோட்டை வெயிலுக்குக் கம்பளிச் சட்டை அனுப்புகிற அன்பை என்னவென்று சொல்வது. அந்த வருஷம் அதோடு வாளி வாளியாகப் பிளாஸ்டிக் மணிகளும் வந்தன. மணி என்றால் உருண்டை இல்லை. பேனா ரீஃபிலைத் துண்டு துண்டாக நறுக்கியதுபோல் குட்டிக் குட்டிக் குழாய்கள். கூடவே, முள் முள்ளாக நிற்கிற, கண்ணாடிபோல் அடி தெரிகிற தட்டுகள். தட்டுக்கு அடியில் கட்டம் போட்ட படத்தை வைத்து, கட்டத்தில் என்ன நிறமோ அந்த நிற மணியை அந்தந்த முள்ளில் மாட்ட வேண்டும். எல்லாம் மாட்டியதும் மேலே பட்டர் பேப்பரைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மணிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தட்டை உருவிவிட்டால் மயில்.

"இதுல சார் மூஞ்சியச் செய்ய முடியுமாம்மா?" என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார்.

இன்பமணி "முடியும்" என்று சொல்லிவிட்டாள். அதை என்னிடம் சொன்னபோது நான் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கதான் போட்டோவப் பாத்துக் கட்டம் போட்டுத் தரணும்."

"தாயே, மயில் வேற, மாமனார் வேற. மயிலுக்கு மூக்கு கோணினா யாரும் கேக்கப்போறதில்ல."

"விளையாடாதிய. அந்தப் படத்த அப்பா கையில நான்தான் குடுக்கணும்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. சபை முன்னால. வாங்கும்போது ஒரு வார்த்த சொல்லித்தானே ஆவணும்? ஒரு 'தேங்க்ஸ்'னாவது?"

மூன்று வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு தேங்க்ஸ் போதுமாம்.

"ஒண்ணு மட்டும்," என்றாள். "நீங்க வரஞ்சதுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அப்பா கையால தொடக்கூட மாட்டாவ."

"நான் எந்தக் காலத்துல பேரு போட்டு வேல பாத்தேன்?" என்றேன்.

போட்டோ என்று சார் வீட்டில் உருப்படியாக இருந்தது ஒன்றுதான். ஓய்வு பெற்றபோது எடுத்தது, கறுப்பு வெள்ளை, போஸ்ட் கார்டு அளவு. கோட்டு, கண்ணாடி, இடது பைக்குள் பேனா, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. என் மாமியார் ஜெபராணி அம்மா திங்கட்கிழமை காலை மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு நடுவே அதை மகளிடம் தந்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அலமாரியில இருக்கணும் பிள்ள. பெட்டி கட்டுதாரு. ஒவ்வொண்ணா எண்ணி எண்ணி வைக்காரு. காணோம்னா என் தோலு உரிஞ்சிரும்."

ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தேன். மாமனார் நிலக்கரியாக வந்தார். மூக்கும் இல்லை, முழியும் இல்லை. வேறு வழியில்லாமல் போட்டோவை ஆபீசுக்கே கொண்டுபோய், ஒரு கால்வாய்ப் படத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டோவில் ஒரு கீறல் விழக் கூடாது. மில்லிமீட்டர் கட்டம் போட்ட டிரேசிங் தாளை அதன்மேல் விரித்தேன். அகலத்துக்கு எண்பத்தேழு கட்டம், உயரத்துக்கு நூற்றுப் பதினாறு. கட்டத்துக்கு ஒரு மணி. பெருக்கிப் பார்த்தால் பத்தாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. மாமனாரிடம் வாய்ப்பாடு படிக்காதது அன்றைக்குத்தான் உறைத்தது.

முகத்தில் கோடு கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. கன்னம் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று எல்லைக்கல்லா நட்டிருக்கிறது? கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். சர்வே படத்தில் மலைக்கு உயரக்கோடு போடுவதுபோல், வெளிச்சத்திலிருந்து இருட்டுவரை ஏழு படியாகப் பிரித்து எல்லை வரைந்தேன். சாரின் மூக்கு பொதிகை மலை மாதிரி வந்தது. இரண்டு தடவை ஓவர்சியர் பின்னால் வந்து நின்றார். இரண்டு தடவையும் கால்வாயை இழுத்துச் சாரை மூடினேன்.

"என்னவே, இந்தக் கால்வாய இன்னைக்குப் பூரா தூர் வாருதீரு?" என்றார்.

மணி நான்கே முக்காலுக்குப் போட்டோ மாமியார் கைக்குப் போனது. அவர் வீட்டுக்குள் நுழைவதற்கும், சார் அலமாரியைத் திறப்பதற்கும் இடையே காபி போடுகிற நேரம்தான் இருந்ததாம்.

அடுத்த இரண்டு நாளும் அந்தக் குட்டி உயரக்கோடுகளைப் பெரிய டிரேசிங் தாளில் மணி அளவுக் கட்டங்களாக மாற்றினேன். கட்டங்களை மையில் போட்டுவிட்டு நிறங்களைக் கலர் பென்சிலால் தீட்டினேன். ஏழு நிழலுக்கு ஏழு நிறம். அங்கேதான் டென்மார்க் காலை வாரியது. வாளியில் 'தோல் நிறம்' என்று அவர்கள் அனுப்பியது இளஞ்சிவப்பு. அது ஆயிரக்கணக்கில் இருந்தது. பழுப்பு நிறமோ, அவர்கள் ஊரில் நாய்க்கும் மரத்துக்கும் வேண்டிய அளவுக்குத்தான் இருந்தது. ஒரு பாளையங்கோட்டைக்காரர் முகத்துக்கு அது காதுக்குக்கூடக் காணாது.

"அப்பாவ வெள்ளக்காரரா ஆக்கிராதிய" என்று இன்பமணி கலங்கினாள்.

ஒரு பழுப்பு, ஒரு சிவப்பு, ஒரு பழுப்பு, ஒரு கறுப்பு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கிட்டே பார்த்தால் அம்மை போட்டதுபோல் இருந்தது. பத்தடி தள்ளிப் பார்த்தால் நம்மூர்க் கன்னம். ஆனாலும் பற்றவில்லை. போட்டோவில் நெற்றியில் வெளிச்சம் விழுந்திருந்த இடத்துக்கு மட்டும் இளஞ்சிவப்பைக் கொடுத்தேன். சாரின் நெற்றியில் உள்ளங்கையளவு டென்மார்க் வந்து சேர்ந்தது.

புதன்கிழமை சாயங்காலம் தாளை இன்பமணியிடம் கொடுத்தேன். அவள் அதைத் தட்டு அளவில் பன்னிரண்டு துண்டாக வெட்டி, தன் கையாலேயே எண் போட்டு, விடுதிக்குக் கொண்டுபோனாள். பெண்பிள்ளைகள் விடுதி. வரவேற்பு அறையைத் தாண்டி ஆண்வாடை கூடாது. அதனால் மணி கோக்கிற இடத்தை நான் பார்க்கவே இல்லை. அவள் சொல்லித்தான் தெரியும்: பதினைந்து பிள்ளைகள், ஒரு துண்டுக்கு எண்ணூற்று நாற்பத்தொரு மணி. சத்தமில்லாத கூடத்தில் மணி விழுகிற சத்தம் மட்டும் கேட்குமாம். அதைக் கேட்கிற ஒரே ஆள் அவள். ஒரு பிள்ளை தும்மினால் காது ஒன்று காணாமல் போகும். அப்படி ஒரு தடவை போனது. மறுபடி உட்கார்ந்து கோத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு தட்டும் வீடு வந்தன. ஒன்று குலுங்கினாலும் மணி சரியும் என்பதால், ஆட்டோக்காரரிடம் "பிரசவ கேஸ், பைய போங்க" என்று சொல்லிக் கூட்டிவந்தேன். இன்பமணியின் வயிற்றையும் மடியில் இருந்த தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்த அவர் நம்பவில்லை. ஆனாலும் பையத்தான் போனார்.

தேய்ப்பது என் வேலை. வேலை என்றால், வியர்ப்பதுதான் வேலை. எங்கள் தெருவில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மின்சாரம் சோர்ந்துவிடும். டியூப் லைட் கண் சிமிட்டும். இஸ்திரிப் பெட்டி சுடுகிறதா என்று எச்சில் விரலால் தொட்டுப் பார்த்தால் அது என்னைத்தான் ஆறுதலாகத் தொட்டது. சூடு பற்றாமல் தேய்த்தால் மணி ஒட்டாது. தட்டை உருவும்போது கன்னம் பொலபொலவென்று உதிரும். நின்று நின்று தேய்த்தேன். ஐந்து துண்டு முடிந்தன. ஆறாவது, வாயும் மோவாயும் உள்ள துண்டு.

"போதும், எடுங்க" என்றாள்.

"இன்னும் ஒட்டல."

அந்த நேரம் பார்த்துத் தெருவுக்கே உயிர் வந்தது. டியூப் லைட் பளீரென்று எரிந்தது. பெட்டி கையில் சீறியது. பட்டர் பேப்பருக்கு அடியில் மணிகளின் துளைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்வதைக் கண்ணால் பார்த்தேன். கருகல் வாடை.

"எடுங்கன்னு சொல்லுதேன்லா!"

எடுத்தேன். பேப்பரை மூலையிலிருந்து மயிர் மயிராக உரித்தோம். வாய் பிழைத்திருந்தது. வலப்பக்க உதட்டோரம் மட்டும் உருகிக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு, சாருக்கு ஆயுசில் இல்லாத ஒரு புன்சிரிப்பு வந்திருந்தது. மாற்ற மணி இல்லை. விட்டுவிட்டோம்.

சனிக்கிழமை பகல் முழுக்க மற்றத் துண்டுகள். சாயங்காலம் ஒட்டுப் பலகையில் ஃபெவிகால் தடவி, எண்பிரகாரம் பன்னிரண்டையும் அடுக்கி ஒட்டி, மேலே அரிசி மூட்டையை ஏற்றிவைத்தோம். எட்டடி அறை. அங்கே எப்படி நின்று பார்த்தாலும் புள்ளிதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் படத்தை வெளியே கொண்டுபோய்க் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்தேன். இன்பமணி அதைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போனாள். ஐந்து எட்டு, எட்டு எட்டு. பத்தாவது எட்டில் நின்றாள். புள்ளிகள் கூடி முகமாகிற இடம் அது. அவள் முகம் மலரும் என்று காத்திருந்தேன். மலரவில்லை.

"அப்பாதான்," என்றாள். "ஆனா அப்பா இல்ல."

நானும் போய் நின்றேன். கண்ணாடி சரி. மூக்கு சரி. கன்னம் நம்மூர்க் கன்னம்தான். ஆனால் யாரோ சாருடைய ஒன்றுவிட்ட தம்பியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"பேனா எங்க இருக்கு பாருங்க" என்றாள் மெதுவாக.

பேனா வலது பைக்குள் இருந்தது. தழும்பு வலது புருவத்தில்.

டிரேசர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மையில் கோடு போட்ட பக்கத்தில் நிறம் தீட்ட மாட்டோம், கோடு கலங்கிவிடும். தாளைப் புரட்டி, பின்பக்கம் தீட்டுவோம். முன்பக்கம் பார்த்தால் நிறம் லேசாகத் தெரியும், அது போதும். பன்னிரண்டு வருஷமாகக் கை தானாகச் செய்கிற வேலை. சாருக்கும் அப்படித்தான் பின்பக்கம் தீட்டியிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. நிறம் பளிச்சென்று தெரிகிற பக்கத்தை அவள் மேலே வைத்து எண் போட்டிருக்கிறாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் வைப்பார்கள். ஆள் இடம் வலமாகப் புரண்டுவிட்டார்.

"படத்தையே திருப்பிப் போட்டா சரியாயிரும்லா?" என்றாள். மணிப் படத்துக்கு இரண்டு பக்கமும் உண்டு. அவள் சொன்னது சரிதான். முந்தின நாளாக இருந்தால்.

"ஃபெவிகால்" என்றேன்.

கத்தியை மூலையில் விட்டு நெம்பிப் பார்த்தேன். சார் போட்டிருந்த கோட்டின் ஓரம் பலகைச் சிராயோடு பிய்ந்து வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. இப்படியே கொண்டு போவோம்."

"தப்புன்னு தெரிஞ்சேவா? எல்லாரும் பாப்பாவளே."

"இதவிட்டா என் கையில வேற என்ன இருக்கு?"

ஆராதனை முடிந்து பத்தரை மணிக்குச் சபை மண்டபத்தில் கூட்டம். நான் பின்வாசலில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றேன். அந்த மண்டபத்தில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் அதுதான். மேடையில் சார், பக்கத்தில் மாமியார். நாலு பேர் பேசினார்கள். நாலு பேரும் சார் கையால் அடி வாங்கியதைப் பெருமையாகச் சொன்னார்கள். இன்பமணி ஓரத்தில் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பதினைந்து பேரும் முன்வரிசையில் இருந்தார்கள்.

ஜாபேஸ் அண்ணாச்சி துணியை விலக்கினார்.

கைதட்டு பாதியில் நின்றது. எல்லோரும் சாரைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், மறுபடியும் சாரைப் பார்த்தார்கள்.

"யாருடே இது? சாருக்குத் தம்பி உண்டுமா?" என்று ஒரு குரல்.

"லே, பேனா எப்பம்லே வலது பக்கம் போச்சு?" என்று இன்னொன்று. சிரிப்பு எழும்பியது.

அண்ணாச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. மைக் திறந்திருப்பதை மறந்து இன்பமணியைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா, ஒன்ன நம்பித்தானே குடுத்தேன்? மூணு வருசத்துல பெத்த தகப்பன் மூஞ்சியே ஒனக்கு மறந்து போச்சா?"

மண்டபம் முழுக்க அது கேட்டது. இன்பமணி தலை குனிந்தாள்.

நான் தைரியசாலி இல்லை. ஆபீசில் ஓவர்சியர் இருமினால் எழுந்து நிற்கிறவன். ஆனால் கால்கள் என்னைக் கேட்காமல் நடுவழியில் நடந்துகொண்டிருந்தன. பேர் தெரியக் கூடாது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தபோது பாதி தூரம் வந்தாகிவிட்டது.

"அண்ணாச்சி, அவள ஒண்ணும் சொல்லாதிய. அது என் தப்பு. வரஞ்சது நான்."

சிரிப்பு நின்றது. மாமியார் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் உளறத் தொடங்கினேன்: போட்டோ, டிரேசிங், மை, கலர் பென்சில். யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. போட்டோவைத் திருடிக் கொடுத்தது யார் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

சார் என்னைப் பார்க்கவில்லை. எழுந்தார். மேடையிலிருந்து இறங்கி, முகத்தைப் படத்தின் பக்கமே வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தார். அவர் வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். இன்பமணியும் அப்படித்தான் நினைத்தாள், அவள் கை தூணைப் பிடித்தது. பத்தாவது எட்டில், என் தோளுக்குப் பக்கத்தில், சார் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"எது தப்புங்கீரு?" என்றார். என்னிடம்தான்.

"இடமும் வலமும் மாறிப்போச்சு, சார்."

"நாந்தாம்வே இது." குரலில் ஒரு ஆச்சரியம் இருந்தது. "காலம்பற சவரம் பண்ணும்போது தினமும் பாக்க மூஞ்சி இதுதான். போட்டோவுல எல்லாம் எவனோ ஒருத்தன் கோணிக்கிட்டு நிப்பான். இன்னைக்குத்தான் என்ன வெளிய பாக்கேன்."

சவரக் கண்ணாடிக்குள் இருக்கிற சாரை அவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் நாங்கள் இருநூறு பேரும் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அவர் இன்னும் என் பக்கம் திரும்பவில்லை. "டிரேசிங்ல கலரு எந்தப் பக்கம் அடிப்பீரு?"

"பின்பக்கம், சார்."

"அத அவகிட்டச் சொன்னீரா?"

"இல்ல, சார்."

வகுப்பில் பதில் தப்பாகச் சொன்னவனை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போகிற வாத்தியார்போல, சார் தூண் பக்கம் திரும்பினார்.

"நீ கேட்டியா?"

இன்பமணி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"குடுத்தத அப்படியே எடுத்துப் போட்டுட்ட. போட்டு முடிச்ச கணக்க ஒருதரம் திருப்பிப் பாக்கணும்னு ஒனக்கு நாலாங் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தேனா, இல்லியா?"

"குடுத்தியப்பா."

"பொறவு?"

"பாக்கலப்பா."

"பாக்கல," என்றார் சார். "அந்த நெத்தியில என்ன, வெள்ளையா?"

"பழுப்பு மணி பத்தலப்பா." அவள் அழுதுகொண்டே கணக்கு ஒப்பித்தாள். "முன்னூறு குறஞ்சிச்சு."

"கேட்டிருந்தா நான் என்ன மணியா தந்திருக்கப்போறேன்" என்று முணுமுணுத்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். "கொண்டா."

அவள் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தக் கைகளில் கொடுத்தாள். தேங்க்ஸ் என்று அவர் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு, பிய்ந்திருந்த மூலையைப் பார்த்து, "இத யாரு கடிச்சது?" என்றார். முன்வரிசைப் பிள்ளைகள் என்ன புரிந்ததோ, கைகளை உயர்த்தி ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

மறுநாள் மத்தியானம் மாமியார் முதல்முறையாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வர நேரமில்லையாம்.

"படம் எந்தப் பெட்டியிலயும் அடங்கல மாப்ள. 'அந்த டிரேசரு தூக்கிட்டு வரட்டும்'னு சொல்லுதாரு."

ஆகவே நான் லீவு போட்டுவிட்டு, என் மாமனாரை மார்போடு அணைத்துக்கொண்டு ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஓடினேன். போர்ட்டர்கள் வழி விட்டார்கள். சார் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, எதிரே நின்ற இன்பமணியிடம் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும், கேஸ் சிலிண்டரை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னாள். மூன்று வருஷத்துப் பேச்சில் சிலிண்டருக்கு இவ்வளவு இடம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் பதிலுக்கு எதையோ கேட்டாள், அவர் பதில் சொன்னார், இருமினார், அவள் "மாத்திர வச்சிருக்கியளா?" என்று கேட்டாள்.

விசில் ஊதினார்கள். நான் படத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வண்டிக் கதவுக்குள் திணித்தேன். பலகை இடித்தது.

"ஏய், ஏய்," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "பைய ஏத்தும்வே! மூக்கு போயிரப் போவுது!"